இருமினால் கசிகிறது: அறுவை சிகிச்சை எதைத் தாங்கிப் பிடிக்கிறது?

‘ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ்’ என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, “எனக்கு டென்ஷன் ஒன்றும் கிடையாதே” என்று குழம்புகிறவர்கள் உண்டு. அதை ‘மன அழுத்தச் சிறுநீர்க் கசிவு’ என்று யாராவது மொழிபெயர்த்து வைத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ஸ்ட்ரெஸ் என்பது வயிற்றுக்குள் சட்டென்று ஏறும் அழுத்தம். இருமல், தும்மல், வாய்விட்டுச் சிரிப்பது, குழந்தையைத் தூக்குவது, ஓடுவது, குதிப்பது என எது நடந்தாலும் அந்த ஒரு நொடியில் வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையை அமுக்கும். வாசல் தாங்கவில்லை என்றால் சில சொட்டோ, உடை நனையும் அளவுக்கோ கசிந்துவிடும்.

இதில் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. அதனாலேயே பல வருஷம் யாரிடமும் சொல்லாமல், பேட் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அறுவை சிகிச்சை என்று ஒன்று இருப்பது தெரியவரும்போது, ‘மெஷ் (பிளாஸ்டிக் வலை) வைத்தால் பிரச்சினை வருமாமே’ என்ற செய்தியும் கூடவே வந்து சேர்கிறது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள, முதலில் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயைப் பாடப்புத்தகம் சிறுநீர்ப் புறவழி என்கிறது. பெண்களுக்கு அது 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை. அதற்கு அடியில் பிறப்புறுப்பின் முன்சுவரும், அதை இடுப்பெலும்போடு பிணைத்திருக்கும் இணைப்புத் திசுவும், இடுப்புத்தளத் தசைகளும் சேர்ந்து ஒரு படுக்கை போல விரிந்திருக்கின்றன. இந்தப் படுக்கையின் வேலையை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டிலான்சி 1994-இல் விளக்கினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் காலால் மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கெட்டித் தரை இருந்தால் குழாய் நசுங்கித் தண்ணீர் நின்றுவிடும். கீழே சேறு என்றால் எவ்வளவு மிதித்தாலும் குழாய் சேற்றுக்குள் அமுங்குமே தவிர, தண்ணீர் நிற்காது. இருமும்போது வரும் அழுத்தம்தான் மிதிக்கிற கால். பிரசவத்தில் இழுபட்டும், வயதாலும், உடல் எடையாலும், வருஷக்கணக்கான இருமலாலும் மலச்சிக்கலாலும் நெகிழ்ந்துபோன படுக்கைதான் சேறு.

சிலருக்குத் தரை பரவாயில்லை, குழாயே நைந்திருக்கும். வளையத் தசையும் உள்சுவரும் பலவீனமாகி, லேசாக அசைந்தாலே கசியும். முன்பு இதே இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், இடுப்புப் பகுதியில் கதிரியக்கம் பெற்றவர்களுக்கும் இது வரலாம். இரண்டும் கலந்து இருப்பவர்களே அதிகம். எப்படியானாலும், இந்த அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை தரையைக் கெட்டியாக்கும் வேலை. வால்வை மாற்றும் வேலை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

கத்திக்கு முன்னால்

அறுவை சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியது இடுப்புத்தளப் பயிற்சி. ஆர்னால்ட் கீகல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948-இல் எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. யாராவது பார்த்துச் சொல்லித்தர, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் உண்டா என்றே தெரியும். சுயமாகச் செய்பவர்களில் பலர் தப்பான தசையை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். உடல் எடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2009-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்த பெண்களுக்கு வாரக் கசிவு எண்ணிக்கை 47 சதவீதம் குறைந்தது. வெறும் ஆலோசனை மட்டும் பெற்ற குழுவுக்கு 28 சதவீதம்.

பயிற்சியா, அறுவை சிகிச்சையா என்று நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 2013-இல் வந்த அந்த ஆய்வில் மிதமான, கடுமையான கசிவு உள்ள 460 பெண்கள். ஒரு வருஷம் கழித்து, அறுவை சிகிச்சைக் குழுவில் 90.8 சதவீதம் பேர் தேறியிருப்பதாகச் சொன்னார்கள், பயிற்சிக் குழுவில் 64.4 சதவீதம். பயிற்சியில் தொடங்கியவர்களில் 49 சதவீதம் பேர் நடுவிலேயே அறுவை சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். ‘அறுவை சிகிச்சைதான் சிறந்தது’ என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. நான் அதைத் திருப்பிப் படிக்கிறேன்: கசிவு கடுமையாக இருந்தும், பாதிப் பேர் அந்த ஒரு வருஷத்தில் கத்தியைத் தேடிப் போகவில்லை.

இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பொதுவாகத் தள்ளிப்போடச் சொல்வார்கள். கர்ப்பமும் பிரசவமும் சரிசெய்த இடத்தையே மறுபடி இழுக்கும். அப்புறம், அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வி: கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கசிவு நின்றுவிடுமா? நிற்காது. அது இந்த நோய்க்கான சிகிச்சையே அல்ல.

எந்தக் கசிவு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் கொட்டிவிடுவது வேறு நோய். அங்கே சிறுநீர்ப்பையே தானாகச் சுருங்குகிறது. அதற்கு மாத்திரையும் பழக்கமாற்றமும் வேறு வழிகளும் உண்டு, அறுவை சிகிச்சையில் குழாய்க்கு அடியில் டேப் (நாடா) போட்டால் அது தீராது. சில சமயம் கூடவும் செய்யும். இதைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்வார்கள், படுத்தபடி, தேவையென்றால் நின்றபடி. இருமலோடு சேர்ந்து ஒரு பீச்சல் வந்து, இருமல் நின்றதும் அதுவும் நின்றால் அது அழுத்தக் கசிவு. இருமி ஓரிரு நொடி கழித்துத் தொடங்கி, இருமல் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால், இருமல் சிறுநீர்ப்பையைத் தட்டி எழுப்பிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு நொடி வித்தியாசத்தில்தான் ஒரு தேவையற்ற அறுவை சிகிச்சை தவிர்க்கப்படுகிறது.

இதோடு சிறுநீரில் தொற்று உண்டா, கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, மூன்று நாள் எழுதிவைத்த குறிப்பேடு என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். குழாய் வைத்து அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் எல்லோருக்கும் வேண்டுமா? சிக்கல் இல்லாத அழுத்தக் கசிவு உள்ள 630 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2012-இல் வந்த முடிவு: அந்தப் பரிசோதனை செய்தவர்களில் 76.9 சதவீதம் பேருக்கு சிகிச்சை வெற்றி, செய்யாதவர்களில் 77.2. அதாவது ஒன்றுதான். முன்பே அறுவை சிகிச்சை ஆனவர்கள், இரண்டு வகைக் கசிவும் கலந்தவர்கள், சிறுநீர் முழுசாகப் போகாதவர்கள் விஷயத்தில் கதை வேறு.

கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருக்கும் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இறங்கிய உறுப்பு குழாயை மடக்கிப் பிடித்திருப்பதால் கசிவே தெரியாது. இறக்கத்தைச் சரிசெய்ததும் மடிப்பு நிமிர்ந்து, இதுவரை இல்லாத கசிவு தொடங்கும். ‘ஆபரேஷனால் வந்தது’ என்று தோன்றும். உண்மையில் மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் மேல் நோயாளிக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்தான்.

தூக்கிக் கட்டிய காலம்

1914-இல் ஹோவர்ட் கெல்லி செய்தது எளிய தையல். பிறப்புறுப்பின் முன்சுவரைத் திறந்து, சிறுநீர்ப்பைக் கழுத்துக்கு (பை குழாயோடு சேரும் இடம்) அடியில் இரண்டு பக்கத்துத் திசுவையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். பல பத்தாண்டுகள் இதுவே முதல் தேர்வாக இருந்தது. ஏற்கெனவே நெகிழ்ந்த திசுவையே இழுத்துத் தைப்பதால் நாளடைவில் அது மறுபடி நெகிழ்ந்துவிடும். கசிவுக்கான சிகிச்சையாக அதை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை.

அப்புறம் வந்தது தூக்கிக் கட்டும் காலம். கழுத்து கீழே இறங்கிவிட்டதால்தான் வயிற்றின் அழுத்தம் அதன்மேல் சரியாக விழவில்லை, எனவே மேலே ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. 1949-இல் மார்ஷல், மார்ச்செட்டி, கிராண்ட்ஸ் என்ற மூவர், அடிவயிற்றைத் திறந்து, குழாயின் பக்கத் திசுவை முன்பக்க இடுப்பெலும்பின் பின்புறச் சவ்வில் தைத்தார்கள். சிலருக்கு அந்த எலும்பிலேயே அழற்சி வந்து மாதக்கணக்கில் நடக்க முடியாமல் போனது. 1961-இல் ஜான் பர்ச் தையலின் மறுமுனையை எலும்புச் சவ்விலிருந்து சற்றுப் பக்கத்தில் இருக்கும் கூப்பர் தசைநாருக்கு மாற்றினார். உறுதியான நார், ஊசியும் நன்றாகப் பிடிக்கும், எலும்புக்கும் தொல்லை இல்லை. இதுதான் பர்ச் முறை. இன்றும் செய்யப்படுகிறது, லேப்ராஸ்கோப் வழியாகவும். இதன் பலவீனம், முன்சுவரை மேலே இழுப்பதால் பின்சுவர் பக்கம் பாதுகாப்பு குறைந்து, சில வருஷத்தில் அங்கே இறக்கம் வரலாம்.

வயிற்றைத் திறக்காமல் நீண்ட ஊசியால் நூலைக் கோத்து இழுக்கும் முறைகள் 1959-இல் தொடங்கி வரிசையாக வந்தன. ஆரம்பத்தில் அழகாக இருந்தன. நூல் திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிட, ஒவ்வொன்றாக மறைந்தன.

இதற்கெல்லாம் இணையாக இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது: நோயாளியின் உடம்பிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து, குழாய்க்கு அடியில் தொட்டில் போலப் போடுவது. 1910-இல் ஜெர்மனியில் கோபெல் தசையை வைத்து முயன்றார். 1942-இல் ஆல்ட்ரிட்ஜ் வயிற்றுத் தசையின் மேலுறையைப் பட்டையாக வெட்டிப் பயன்படுத்தினார். 1978-இல் மெக்வயரும் லிட்டனும் அதைப் புதுப்பித்தார்கள். அடிவயிற்றில் குறுக்காகக் கீறி, சுமார் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டையை எடுத்து, கழுத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் நூலால் மேலே கொண்டுபோய் முடிவார்கள். எவ்வளவு இறுக்கி முடிவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் கசிவு நிற்கும், சிறுநீரும் நிற்கும்.

இந்த இரண்டு முறைகளையும் 655 பெண்களிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2007-இல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, அழுத்தக் கசிவு என்ற அளவில் பட்டைக்கு 66 சதவீத வெற்றி, பர்ச் முறைக்கு 49. பட்டைக்கு வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் சிறுநீர் கழிப்பதில் சிரமம் பட்டைக் குழுவில் 14 சதவீதம், பர்ச் குழுவில் 2. சிறுநீர்த் தொற்று 63-க்கு 47. இந்தத் துறையின் எந்த எண்ணையும் இப்படி ஜோடியாகத்தான் படிக்க வேண்டும். எவ்வளவு அடைத்தது என்பதோடு, எவ்வளவு முடக்கியது என்பதையும்.

தளர்வாகப் போட்ட நாடா

1990-களில் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் சேர்ந்து கேள்வியையே மாற்றினார்கள். ஏன் கழுத்தை இழுக்க வேண்டும்? குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் நார்கள் நெகிழ்ந்ததுதான் கோளாறு என்றால், நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் போதாதா? சும்மா இருக்கும்போது அந்தத் தாங்கல் குழாயைத் தொடக்கூடத் தேவையில்லை. இருமும்போது மட்டும் குழாய் அதன்மேல் அழுந்தினால் போதும். டிலான்சியின் கெட்டித் தரைதான், வேறு பொருளில்.

1996-இல் உல்ம்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட முறைக்குப் பின்னால் டி.வி.டி. (TVT) என்ற பெயர் நிலைத்தது. ‘இழுவிசை இல்லாத நாடா’ என்பது அதன் பொருள். பிறப்புறுப்பின் முன்சுவரில் ஒரு விரல்நுனி அளவுக் கீறல். அங்கிருந்து வளைந்த ஊசி குழாயின் இருபுறமும் இடுப்பெலும்புக்குப் பின்னால் ஏறி, அடிவயிற்றில் இரண்டு சின்னத் துளைகள் வழியே வெளியே வரும். அதோடு பாலிப்ரொப்பிலீன் நூலால் பின்னிய ஒரு சென்டிமீட்டர் அகல நாடா, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு. ஊசி சிறுநீர்ப்பையைக் குத்தியிருக்கிறதா என்று சிஸ்டோஸ்கோப் வைத்து உள்ளே பார்ப்பார்கள். குத்தியிருந்தால் அப்போதே எடுத்து வேறு வழியில் செலுத்தினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து.

அடுத்து நடப்பதுதான் இந்த முறையின் அழகு. உல்ம்ஸ்டன் முழு மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி. சிறுநீர்ப்பையில் ஏறக்குறைய 300 மில்லி உப்புநீரை நிரப்பி, மேஜையில் படுத்திருக்கும் பெண்ணிடம் ‘இருமுங்கள்’ என்றார்கள். பீச்சியது. நாடாவைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி இருமச் சொன்னார்கள். குறைந்தது. இன்னொரு தடவை. ஒரு சொட்டு மட்டும் எட்டிப் பார்க்கும் நிலையில் கையை எடுத்துவிட்டார்கள். முழுதாக நிறுத்த முயலவில்லை, ஏனென்றால் படுத்திருக்கும்போது சொட்டும் வராத அளவுக்கு இழுத்தால் எழுந்து போன பிறகு கழிக்க முடியாமல் போகலாம். பிறகு நாடாவுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, இறுகிவிடாமல் பார்த்து, பிளாஸ்டிக் உறையை உருவினார்கள். முடிச்சு கிடையாது, தையல் கிடையாது. நாடாவின் சொரசொரப்பே திசுவைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பல இடங்களில் முழு மயக்கத்தில் செய்வதால் இருமல் சோதனை வழக்கொழிந்துவருகிறது. வேலை சுலபமாகிறது, அளவுகோல் கைமாறி மருத்துவரின் அனுபவத்திடம் போய்விடுகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு. பர்ச் முறையோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2002-இல் பலன் ஏறக்குறைய சமம் என்றது. தேறும் காலம் மட்டும் நாடாவுக்குக் குறைவு. முதலில் செய்துகொண்ட வடக்கு ஐரோப்பியப் பெண்களை 17 வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, பரிசோதிக்க முடிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இருமினாலும் கசியவில்லை. பழைய முறைகளை இது ஓரங்கட்டியதில் வியப்பில்லை.

எலும்புக்குப் பின்னால் ஊசி போவதில் ரத்தக்குழாய், குடல், சிறுநீர்ப்பை என்ற பயம் இருந்தது. அதைத் தவிர்க்க 2001-இல் பிரான்ஸின் டெலோர்ம் நாடாவைப் பக்கவாட்டில், இடுப்பெலும்பின் ஓட்டை வழியாக இரு தொடை இடுக்குக்குக் கொண்டுபோனார். டி.ஓ.டி. (TOT) என்பது இதுதான். 597 பெண்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட 2010 ஆய்வில் ஒரு வருஷ வெற்றி எலும்புக்குப் பின்னால் போகும் நாடாவுக்கு 80.8 சதவீதம், தொடைவழிக்கு 77.7, அதாவது பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தொல்லையில். எலும்பின் பின்வழி நாடாவில் சிறுநீர் அடைத்து, மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 2.7 சதவீதம், தொடைவழியில் யாருமில்லை. தொடைவழியில் காலில் பலவீனம், மரமரப்பு 9.4 சதவீதம், பின்வழியில் 4. ஒரு வலியைக் கொடுத்து இன்னொரு வலியை வாங்குகிற பேரம். தொடை வலி நீடித்தால் தசைக்குள் ஆழமாகப் போயிருக்கும் நாடாவை முழுசாக எடுப்பது மிகக் கடினம். பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல், விசேஷக் காரணம் இல்லாமல் தொடைவழியைத் தர வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு பின்னணி.

மெஷ் என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயம்

நாடாவும் ‘மெஷ்’தான், உறுப்பு இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் பெரிய வலையும் ‘மெஷ்’தான். பொருள் ஒன்று, அளவும் வேலையும் வேறு. ஒன்று விரலகல நாடா. மற்றது உள்ளங்கை அளவு வலை, நான்கு பக்கமும் கைகள் நீட்டியபடி. பெரிய வலையில்தான் திசுவைத் துளைத்து வெளியே வருவதும், சுருங்கி வலிப்பதும் அதிகம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இலும் 2011-இலும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. நாடாவை அந்த உத்தரவு தொடவில்லை.

அப்படியானால் நாடாவுக்குக் குற்றமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோட்டீஜென் என்ற நாடா, பிறப்புறுப்பைத் துளைத்துக்கொண்டு வந்ததால் 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றை ஒத்திருக்கிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கும் முறையில், டி.வி.டி.க்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டதும் அதே புரோட்டீஜென்தான். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் அது. அதன் இடுக்கில் கிருமி நுழையும், கிருமியை விழுங்கும் பெரிய செல் நுழையாது. டி.வி.டி. ஒற்றை இழை, பெரிய கண்கள், இரண்டும் நுழையும். அதனால் தொற்று தங்காமல் திசு வளர்ந்து பின்னிக்கொள்கிறது. புதுப் பொருளின் நல்ல விதி அது. அனுமதி முறையைப் புகழ அதில் எதுவும் இல்லை.

துளைத்து வருவது நாடாவில் சில சதவீதம் பேருக்கு நேர்கிறது. சிலருக்குச் சின்னதாக வெட்டிவிட்டால் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு நீங்காத வலி, தாம்பத்தியத்தில் வலி, நடையே மாறிப்போகிற அளவுக்கு. எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதால் அவர்களைப் பல வருஷம் யாரும் நம்பவில்லை. ஸ்காட்லாந்து 2014-இல் நிறுத்திவைத்ததும், இங்கிலாந்து 2018 ஜூலையில் நாடாவையும் சேர்த்து இடைநிறுத்தியதும், நியூசிலாந்து 2023-இல் அதே வழியில் போனதும் அந்தப் பெண்கள் விடாமல் பேசியதால். ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் வந்த 2020 இங்கிலாந்து அறிக்கை, எத்தனை பேருக்கு வைக்கப்பட்டது, எத்தனை பேருக்குப் பழுதானது என்ற கணக்கே அரசிடம் இல்லை என்று சுட்டிக்காட்டியது. என் பார்வையில் மெஷ் விவகாரத்தின் மையம் பிளாஸ்டிக்கைவிட இந்த வெற்றுப் பதிவேடுதான். ஒன்றுக்கு மேற்பட்ட கீறல்களில் போடும் வழக்கமான நாடாக்களின் பாதுகாப்பு நிறுவப்பட்டது என்று எஃப்.டி.ஏ. சொன்னபோதும், அது ஆதாரமாகக் காட்டிய பரிசோதனைகள் ஒரு வருஷம் வரை தொடர்ந்தவை. நாடாவோ ஆயுள் முழுக்க இருப்பது.

ஒற்றைக் கீறலில் போடும் குட்டி நாடாவும் உண்டு. 2022-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 15-ஆவது மாதத்தில் வெற்றி 79.1 சதவீதம், வழக்கமான நாடாவுக்கு 75.6. மூன்று வருஷம் ஆகும்போது தாம்பத்திய வலி குட்டி நாடாவில் 11.7 சதவீதம், மற்றதில் 4.8. மறுபடியும் அதே ஜோடிக் கணக்கு.

மெஷ் வேண்டாம் என்பவர்களிடம் இப்போது அதிகம் பேசப்படுவது ஊசி. சிஸ்டோஸ்கோப் வழியாகக் குழாயின் சுவருக்குள் மூன்று நான்கு இடங்களில் ஜெல்லைச் செலுத்தி, உள்விட்டத்தைத் திண்டு வைத்தாற்போல் குறுக்குவது. முன்பு மாட்டுக் கொலாஜன் போட்டார்கள், ஓரிரு வருஷத்தில் கரைந்துவிடும். இப்போது பரவலாக இருப்பது பல்காமிட், 97.5 சதவீதம் தண்ணீரும் 2.5 சதவீதம் பாலிஅக்ரிலமைடும். வெளிநோயாளியாகவே முடித்துவிடலாம். பின்லாந்தில் நாடாவோடு ஒப்பிட்டபோது ஒரு வருஷத்தில் திருப்தி அடைந்தவர்கள் நாடாவில் 95 சதவீதம், ஜெல்லில் சுமார் 60. பலன் குறைவு, ஆபத்தும் குறைவு, மறுபடி போட வேண்டி வரலாம். குழாய் நைந்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெரிய அறுவையைத் தாங்காதவர்களுக்கும் இது நல்ல வழி. ‘வலியில்லாத லேசர்’ என்று விற்கப்படுவதற்கு இந்த வரிசையில் இடம் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. செயற்கை வால்வு பெண்களுக்கு மிக அரிது.

எந்த முறையானாலும் முதல் சில நாள் கவனிக்க வேண்டியது கழிப்பதைத்தான். வீட்டுக்கு அனுப்புமுன் கழிக்கச் சொல்லி, ஸ்கேனில் மிச்சத்தை அளப்பார்கள். மிச்சம் அதிகம் என்றால் சில நாள் டியூப், அல்லது தாங்களே டியூப் விட்டு எடுக்கக் கற்றுக்கொள்வது. வீக்கம் வடிந்தால் பலருக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் நாடாவை முதல் ஓரிரு வாரத்துக்குள் கொஞ்சம் தளர்த்தலாம். அதற்குப் பிறகு திசு பின்னிக்கொள்ளும், வெட்டித்தான் விட வேண்டும். வெட்டினாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கசிவு திரும்புவதில்லை, இரு பக்கத்துத் துண்டும் ஓரளவு தாங்கிக்கொண்டிருக்கும். முன்பு இல்லாத அவசர உணர்வு புதிதாக வருவதும் உண்டு. ‘ஆபரேஷன் வீண்’ என்று முடிவுகட்டுமுன், அது அடைப்பாலா தொற்றாலா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, ‘இதில் எதையெல்லாம் நீங்களே செய்வீர்கள்?’ என்பதுதான். நாடா வந்தபின் பயிற்சி பெற்ற தலைமுறையில் பலர் பர்ச் முறையையோ சொந்தப் பட்டையையோ கையால் செய்ததில்லை. ஒரே ஒரு முறை தெரிந்தவருக்கு எல்லாக் கசிவும் அந்த முறைக்குரியதாகவே தெரியும். இங்கிலாந்தில் நாடா நின்றபோது, பழைய கை வித்தையைத் திரும்பக் கற்க வேண்டிய நிலை வந்தது. நாடாவை அகற்றியபின் மறுபடி கசியும் பெண்களுக்கு, இன்னொரு பிளாஸ்டிக்கை நம்ப மனம் வராதபோது, அடிவயிற்றில் கீறி எடுத்துப் போடப்படுவது, ஆல்ட்ரிட்ஜ் 1942-இல் வெட்டிய பட்டையின் வழிவந்ததுதான்.